ஷட்டர் இறக்கிய வெள்ளிக்கிழமை

அன்று ஆபீசில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், எதிர் மேசையில் வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் நண்பன், கணக்குப் பார்க்கும் அக்கா. இல்லாதவர்கள் இரண்டு பேர். இருந்திருக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான். சர்வர் வேலையில் எனக்கு மேலே இருக்கும் சீனியர் அண்ணன், மனைவியின் பிரசவத்துக்காகக் குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டிருந்தார். முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பள்ளிவாசல் பக்கத்துத் தெருதான். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய போன் அவரோடு போகாது. அதை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்குவார். "ஒரு மணி நேரம் நான் இல்லன்னா இன்டர்நெட் நின்னுடாது" என்பார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் வெப்சைட் செய்து கொடுத்து, எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். சிட்லபாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், கோவளத்தில் மீன் அனுப்பும் ஒரு குடும்பம், டியூஷன் சென்டர்கள், டிராவல்ஸ். சர்வர் எங்கே இருக்கிறது என்று அம்மா ஒருமுறை கேட்டாள். மும்பையில் என்றேன். "அங்க இருக்கிறதுக்கு நீ ஏன்டா இங்க போய் உக்கார்ற?" என்றாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த எச்சரிக்கை வந்தது. நாங்கள் பயன்படுத்தும் வெப் சர்வர் மென்பொருளில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்படி மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். பெரும்பாலும் 'இப்படி நடக்கலாம்' என்று இருக்கும், சாயங்காலம் டீ குடித்துவிட்டுத் திருத்தத்தைப் போடுவோம். இது அப்படி இல்லை. நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. வெளியிலிருந்து ஃபைல்களை வாங்கிக்கொள்ளும் பகுதி வழியாக, யார் என்றே தெரியாதவர்கள் உலகம் முழுக்க சர்வர்களுக்குள் புகுந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். பட்டியலில் இருந்தது. திருத்தம் வெளியாகியிருந்தது, ஆனால் எங்கள் சர்வர் பழசு. அதன் மேல் அந்தத் திருத்தம் அப்படியே உட்காராது.

சீனியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னணியில் யாரோ ஒரு நர்ஸ் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கேள்வி கேளு" என்றார்.

"ஃபைல் வாங்குற பகுதியை மட்டும் அணைச்சா போதுமாண்ணா?"

"இப்போதைக்குப் போதும். அணைச்சுட்டு லாகைப் பாரு. ஏற்கனவே எவனாவது வந்துட்டுப் போயிருக்கானான்னு பாரு. வைக்கிறேன்டா, கூப்பிடுறாங்க."

சர்வருக்குள் யார் எப்போது வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று வரிவரியாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதைத்தான் லாக் என்பார்கள். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்னால் அணைக்க வேண்டும். அணைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது.

முதலாளியின் அப்பா பஜாரில் கடை வைத்திருந்தவர். அந்தத் தெருவின் பழக்கம் ஒன்றை இவர் அப்படியே ஆபீசுக்குக் கொண்டுவந்திருந்தார். மழையோ கலவரமோ, பக்கத்துக் கடைக்காரன் இல்லாதபோது அவன் ஷட்டரை இன்னொருவன் இறக்கக் கூடாது. ஆள் அனுப்பி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார்: எந்தக் காரணத்துக்காகவும் வாடிக்கையாளரிடம் சொல்லாமல் அவர் சைட்டை நிறுத்தக் கூடாது. அதற்காகச் சம்பளம் பிடித்த கதையும் உண்டு.

ஃபைல் வாங்கும் பகுதியை எங்களிடம் பயன்படுத்தியது ஒரே ஒரு சைட். பம்மலில் ஒரு அக்கா நடத்தும் டிராவல்ஸ். கணவர் இறந்தபிறகு அவருடைய டிராவல்ஸைக் கையில் எடுத்து, முதல் முறையாக, மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகும் ஒரு குழுவைச் சேர்த்திருந்தார். போகிறவர்கள் வீட்டிலிருந்தே பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அந்த சைட்டில் ஏற்ற வேண்டும். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லாருடைய காகிதங்களும் விசா பார்க்கும் கம்பெனிக்குப் போய்ச்சேர வேண்டும். பட்டியலில் ஒருவர் குறைந்தாலும் மொத்தமும் திரும்பி வந்துவிடும். டிக்கெட்டுக்கு அவர் முன்பணம் கட்டியாகிவிட்டது. பாதிப் பேர் இன்னும் ஏற்றவில்லை.

"ஓடிப்போய் சாரைப் பள்ளிவாசல் வாசல்ல புடிக்கட்டுமா மச்சான்?" என்றான் நண்பன்.

"தொழுகையில நிக்கிறவர தோளத் தட்டியா கூப்பிடுவ?" என்றார் கணக்கு அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "அவர் போன் டிராயர்ல இருக்குற வரைக்கும் நீதான்பா முதலாளி. அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

போட்டேன். முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

"இன்னைக்கேவா தம்பி?"

"ஆமாக்கா."

"அஞ்சு மணிக்கு மேல பண்ணக் கூடாதா? நாலு மணி நேரம்தானே?"

"இந்த நாலு மணி நேரத்துல எவனாவது உள்ள வந்தா, ஏற்கனவே ஏத்தினவங்க பாஸ்போர்ட் எல்லாம் அவன் கையில இருக்கும்கா."

"இறக்கினா ஒருத்தரும் போக முடியாது. இறக்கலைன்னா மொத்தப் பேர் பாஸ்போர்ட்டும் போயிடும். இதத்தான் சொல்ற?"

"ஆமாக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"இறக்கிடு" என்றார். அழவில்லை, திட்டவில்லை. "உங்க ஆபீஸ்ல ஸ்கேன் எடுக்குற மெஷின் இருக்கா?"

இருந்தது. கணக்கு அக்கா பில்களை ஸ்கேன் செய்வது.

"அப்போ எல்லாரையும் அங்க வரச் சொல்றேன். நானும் என் லேப்டாப்போட வர்றேன். உங்க சர்வர் எனக்கு வேணாம், என் மெயில்லயே அனுப்பிக்கிறேன். டீக்கு மட்டும் சொல்லி வைங்க."

போனை வைத்த கையோடு அந்தப் பகுதியை அணைத்தேன். ஒரே ஒரு வரிதான். ஆபீசில் எதுவும் மாறவில்லை, மின்விசிறி அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வேலையில் எப்போதும் அப்படித்தான். எது நடந்தாலும் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது.

லாகைத் திறந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து யார் யாரோ வந்து கதவைத் தட்டியிருந்தார்கள். பெரும்பாலும் தப்பான கதவு. இல்லாத பக்கத்தைக் கேட்டு, இல்லை என்று பதில் வாங்கிப் போயிருந்தார்கள். கீழே வரவர எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது. அப்புறம் பதினொன்றரை மணி வாக்கில் ஒருவன் சரியான கதவைத் தட்டியிருந்தான். பதில் 'சரி' என்று போயிருந்தது. டிராவல்ஸ் சைட்டின் ஃபோல்டரைத் திறந்தேன். பாஸ்போர்ட் படங்களுக்கு நடுவில், படம் அல்லாத ஒரு சின்ன ஃபைல் உட்கார்ந்திருந்தது. பின்னால் நிதானமாக வந்து உள்ளே நுழைவதற்காக வைத்துவிட்டுப் போகும் ஃபைல். லாகில் அதற்குக் கீழே உள்ள வரிகளை மூன்று தடவை படித்தேன். வைத்தவன் அதைத் திரும்ப வந்து தொட்டதாக எங்கேயும் இல்லை.

அதே நேரம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

டிராவல்ஸ் அக்கா தன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டிருந்தார். சைட் வேலை செய்யவில்லை, பாஸ்போர்ட்டோடு நேரில் வாருங்கள் என்று பொறுமையாக விளக்கிய நீளமான செய்தி. அதை மகன்கள் கேட்டு, அவரவர் மொழியில் சுருக்கி, அப்பா அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் இதை விசா நேர்காணல் என்று நினைத்து, தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, அத்தர் மணக்க, தலையைப் படியச் சீவி வந்தார்கள். ஒரு ஆளுக்கு வழித்துணையாக மூன்று பேர் வந்தார்கள். பல்லாவரத்திலிருந்து ஒரு தம்பதி இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து மூச்சு வாங்க நின்றார்கள்.

"பெட்டி எதுக்குங்க?" என்றான் நண்பன்.

"பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு உடனே கிளம்புங்கன்னு பையன் போன்ல சொன்னான். உடனேன்னா உடனே இல்லையா?" என்றார் அவர். அந்தம்மா என்னிடம் தனியாக, "பிளைட் எத்தனை மணிக்குப்பா?" என்றார்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. கணக்கு அக்காதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மீதி நேரம் முழுக்க நின்றுகொண்டே ஸ்கேன் செய்தார்.

தொழுகை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு முதலாளி திரும்பி வந்தபோது கூட்டத்தில் படியே தெரியவில்லை. எல்லாருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தார்.

"ஒரு மணி நேரம் தொழப் போனா ஆபீஸ கல்யாண மண்டபமா ஆக்கி வச்சிருக்கீங்க. மாப்பிள்ளை யாரு?"

எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மாகிட்ட கேட்டுட்டுத்தானே இறக்குன?"

"கேட்டுட்டுத்தான் சார்."

அப்புறம் திரையைக் காட்டி அந்த ஃபைலைப் பற்றிச் சொன்னேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எடுத்துட்டானா?"

"எடுத்ததுக்குத் தடயம் இல்ல சார். எடுக்கவே இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இனிமே இந்த சர்வரை நம்ப முடியாது. மொத்தமா நிறுத்திட்டு, நேத்து எடுத்து வச்ச நகலை வச்சுப் புதுசா ஒண்ணுல ஏத்தணும்."

"அப்போ எல்லா ஷட்டரையும் இறக்கணும்."

"ஆமா சார்."

நண்பனைப் பார்த்தார். அவன் ஏற்கனவே போனைக் கையில் எடுத்திருந்தான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ரிப்போர்ட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வதாகச் சொன்னார்கள். டியூஷன் சென்டர்க்காரர் மட்டும் கத்தினார். கோவளத்துக்காரர், "எங்க சைட்டு எப்போப்பா ஓடிச்சு, இன்னைக்கு நிறுத்துறதுக்கு?" என்று கேட்டாராம். அவன் அதை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பெட்டியோடு வந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

எல்லோரும் சரி என்றபிறகு சர்வரை நிறுத்தினேன்.

கடினமான வேலை அதற்கப்புறம்தான் இருந்தது. ஏற்கனவே பாஸ்போர்ட் ஏற்றியிருந்தவர்களும், மறுபடி ஸ்கேன் எடுக்க அங்கேயே வந்திருந்தார்கள். அவர்களிடம் சொல்லியாக வேண்டும். முதலாளி சொல்வார் என்று நினைத்தேன். அவர் டிராவல்ஸ் அக்காவிடம் மெதுவாக ஏதோ பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீயே சொல்லு. நான் சொன்னா வியாபாரி பேசுறான்னு நினைப்பாங்க. இப்போ எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு."

என் வீட்டில் யாரும் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசியதில்லை. எங்களுக்குக் கூட்டம் என்றால் ரேஷன் கடை வரிசைதான். நான் நாற்காலியில்கூட ஏறவில்லை, நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். உங்கள் பாஸ்போர்ட் நகல் இருந்த இடத்துக்கு இன்று காலை ஒரு வெளி ஆள் வந்திருக்கிறான். எடுத்துப் போனதற்கு அடையாளம் இல்லை. ஆனால் போகவே இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நகலைக் காட்டி யாராவது கடன், சிம் கார்டு என்று எதையாவது ஆரம்பித்தால், உடனே எங்களிடம் சொல்லுங்கள். நாங்களே உங்களோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறோம்.

அப்போது தாடியைத் தடவிக்கொண்டிருந்த ஒருவர், "தம்பி, என் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் பல்லாவரத்துல பாதிக் கடையில கிடக்குது. ஒரு சிம் வாங்க மூணு காப்பி கேட்டான் ஒருத்தன். அவனெல்லாம் இப்படி நின்னு சொல்லலையே" என்றார்.

இன்னொருவர், "சொன்னதே பெரிசு. மெஷின ஓட்டுங்கம்மா, அசர் தொழுகைக்கு நேரமாவுது" என்றார். வரிசை மறுபடி நகர்ந்தது. அந்த இரண்டு பேரின் முகமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று அவர்கள் வேறு மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்த வேலையை விட்டே போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நான்கு மணிக்கு டிராவல்ஸ் அக்கா பட்டியலைச் சரிபார்த்தார். எல்லாரும் வந்தாயிற்று, ஒருவரைத் தவிர. பொழிச்சலூரில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர், தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். குழுவில் அவர் இல்லை, அவரிடம் இருப்பது பட்டன் போன். அது அணைந்திருந்தது. அக்கா நான்கு தடவை முயன்றார், ஐந்தாவது தடவை அழைக்காமல் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

என் அப்பா தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா இந்நேரத்துல? ஆபீசுல எவனாச்சும் பூந்துட்டானா?"

"ஆமாப்பா."

கிண்டலுக்குக் கேட்டவரின் குரல் சட்டென்று மாறியது. "உனக்கு ஒண்ணியும் இல்லையே? போலீசாண்ட போவணுமா?"

"அதெல்லாம் இல்ல. பொழிச்சலூர் போயி ஒருத்தர்கிட்ட பாஸ்போர்ட் வாங்கியாரணும். சீக்கிரம்பா." விலாசத்தைச் சொன்னேன்.

"தோ, வண்டிய எடுத்துகினேன்."

அதற்கப்புறம் அப்பாவிடமிருந்து எதுவும் வரவில்லை. நாலரை ஆனது. பெட்டியோடு வந்த அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். தான் போய்ச்சேர வேண்டியதற்கா, அந்தப் பெரியவருக்கா, எனக்குத் தெரியாது. முதலாளி பால்கனியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "வந்தாச்சு, ஆட்டோ வந்தாச்சு" என்றார்.

அப்பா மட்டும் வரவில்லை. கூடவே, லுங்கிக்கு மேல் அவசரமாக மாட்டிய சட்டையில் பட்டன்கள் ஏறுக்குமாறாக இருக்க, ஒரு பெரியவர் இரண்டு கையாலும் ஒரு பிளாஸ்டிக் கவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தார்.

"தூங்கிட்டிருந்தாரு" என்றார் அப்பா. "எழுப்பிக் கேட்டா, குடுக்க மாட்டேன்றாரு. எம் பையன் ஆபீசு, எம் பையன் ஆபீசுன்னு பத்து தபா சொல்லிப்புட்டேன். பேஜாராப் பூட்ச்சு."

"யாருன்னே தெரியாத ஆட்டோக்காரர்கிட்ட பாஸ்போர்ட்டக் குடுக்க நான் என்ன லூசா?" என்றார் பெரியவர். "எங்க போவணும்னு சொல்லு, நானே எடுத்துகினு வர்றேன்னேன். வந்துட்டேன்ல?"

முதலாளி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "இவர சர்வரா வச்சிருந்தா இன்னைக்கு ஒருத்தனும் உள்ள வந்திருக்க மாட்டான்" என்றார். பெரியவர் டிராவல்ஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் கவரிலிருந்து கையை எடுத்தார். ஸ்கேனர் விளக்கு ஒருமுறை ஓடியது. அக்கா அனுப்பினார். அனுப்பிவிட்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பி முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை யாரும் டீயைத் தொடவில்லை.

சீனியர் அண்ணன் இரவு கூப்பிட்டார். பெண் குழந்தை. மறுநாள் காலையில் வந்து, முதலில் லட்டுவைக் கொடுத்துவிட்டு, புது சர்வரில் என்னோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாஸ்வேர்டையும் மாற்றினோம். சைட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றும்போது, நண்பன் அந்தந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டு, "ஷட்டரத் தூக்கிட்டோம்" என்று சொன்னான்.

குழு ஒரு மாதம் கழித்துப் புறப்பட்டது. பெட்டியோடு வந்த தம்பதியை விமான நிலையத்தில் இறக்கியது அப்பாதான். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எங்கள் ஆபீசுக்கு வந்தன. அதில் ஒரு பங்கை அம்மாவுக்குக் கொண்டுபோனேன். மும்பை சர்வரில் நடந்ததற்குத் தாம்பரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏன் பேரீச்சம்பழம் என்று அவள் கேட்கவில்லை. கழுவி, எண்ணி, தெரு முழுக்கக் கொடுத்தாள்.

பாதிச் செலவைத் தான் தருவதாக டிராவல்ஸ் அக்கா சொன்னதை முதலாளி ஏற்கவில்லை. சர்வரைப் பழசாகவே விட்டுவைத்தது தன் பொறுப்பு என்றார். கணக்கு அக்கா கூட்டிப் பார்த்தார். புது சர்வருக்கு முதல் மாத வாடகை நான்காயிரத்து இருநூறு. டீயும் சமோசாவும் எண்ணூற்று அறுபது. பெட்டிகளோடு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிய கார் நானூற்று ஐம்பது. பட்டியலைப் பிரிண்ட் எடுத்த காகிதம் நூற்றுப் பத்து. பொழிச்சலூர் போய்வந்த ஆட்டோ முந்நூறு. அப்பா வேண்டாம் என்றதையும் மீறி முதலாளி அவர் சட்டைப் பையில் திணித்தது. ஆகமொத்தம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய்.